டெல்மர் நிலாவை மறுத்த சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை மதியம் நிலாவின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடுவது என்று டெல்மர் தீர்மானித்துவிட்டார். மனிதன் நிலாவில் கால் வைக்கவே இல்லை. எல்லாம் கொட்டகை போட்டு எடுத்த படம்! இதை இணையத்தில், உலகமே பார்க்க, நேரடியாக வாதாட வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். ஏசி மெக்கானிக்காக ஓடி ஓய்ந்த மனிதருக்கு இதைவிடப் பட்டாபிஷேகம் உண்டா?

நிழல் ஏன் கோணலாக விழுகிறது? காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி ஆடியது? முதல் ஆள் இறங்கும்போது படம் எடுத்தது யார்? இந்த மூன்று கேள்விகளையும் கண்ணாடி முன் நின்று கேட்டுக் கேட்டுக் கண்ணாடிக்கே பாடமாகிவிட்டது.

அவர் குடியிருந்த ஊர்தான் கொஞ்சம் இடைஞ்சல். ஃப்ளோரிடாவில் டைட்டஸ்வில். ஆற்றுக்கு அக்கரையிலிருந்துதான் நிலாவுக்கு ராக்கெட் விட்டார்கள். இன்றைக்கும் ராக்கெட் கிளம்பினால் ஜன்னல் கிடுகிடுக்கும். ஊரே வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும். அங்கே உட்கார்ந்து இப்படிப் பேசுவது, கழுத்தளவு கடலில் நின்றுகொண்டு 'தண்ணீரே கிடையாது' என்பது மாதிரி.

மனைவி வெர்னா எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடுமுன் ஜெபம் செய்யும்போது மட்டும், "ஆண்டவரே, நிலாவையும் படைச்சு, அதுக்குக் காவலா என் புருஷனையும் வச்சீரே, ஸ்தோத்திரம்" என்பாள். அவரும் பக்தியாக ஆமென் போடுவார்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தை ஓக் இலைகள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அடுப்படிச் சுவரில் இறங்கியது.

"அதைச் சுத்தம் பண்ணிட்டு எவ்வளவு வேணும்னாலும் வாதம் பண்ணு. இல்லேன்னா இன்டர்நெட் பெட்டியைப் பிடுங்கிக் கைப்பையில போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போயிடுவேன்."

ஏணியைக் கண்டாலே டெல்மரின் முழங்கால் அழும். அன்று காலை வெர்னா கடைக்குப் போன சமயம் பார்த்து, போன வருஷம் அதே தகரத்தைச் சுத்தம் செய்தபோது எடுத்த படத்தை அவள் போனுக்கு அனுப்பினார். 'வேலை முடிந்தது' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

மதியம் ஆயிற்று. சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. டெல்மருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். ஆறின காப்பியை அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கினார். திரும்பி வந்து மறுபடி ஆறவிட்டார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்னா போனை எடுத்தாள்.

"டெல்மர், இந்தப் படம் இன்னைக்கு எடுத்ததா?"

"காலையில."

"ஏணி நிழல் ஒரு பக்கம், உன் நிழல் இன்னொரு பக்கம். நம்ம வீட்டுக்கு ரெண்டு சூரியனா?"

"அட, புல்தரை மேடும் பள்ளமுமா கிடக்கு. நிழல் கோணலாத்தான் விழும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"சரி. நீ மேல நிக்கறே. படம் எடுத்தது யாரு?"

"போனை முன்னாடியே வேலியில சாத்தி வச்சா அதுவா எடுக்கும். அதுக்கு ஒரு ஆளா?"

"இடுப்புல செருகின துண்டு பறக்குதே? காலையில ஒரு இலைகூட ஆடல."

"நான் அசைஞ்சேன், துண்டும் அசைஞ்சுது. இதுக்குக் காத்து எதுக்கு?"

"என்னமோ, ஜோடிச்ச மாதிரி இருக்கு."

டெல்மருக்கு வேர்த்துவிட்டது. குரல் உச்சிக்கு ஏறியது. "ஜோடனையா? இத்தனை கண்ணு பார்க்கற இடத்துல ஒரு பொய்யை மூடி மறைக்க முடியுமா? எவனாவது ஒருத்தன் உளறிட மாட்டானா? நடந்தது நடந்ததுதான் வெர்னா! உட்கார்ந்த இடத்துல சந்தேகப்படறவங்களுக்கு வேற பிழைப்பு இல்லை!"

"அதுவும் நியாயம்தான். வானத்துல இந்த வெள்ளைக் கோடு என்னது?"

டெல்மர் எட்டிப் பார்த்தார். "மேகம்."

"ராக்கெட் புகை, கண்ணு. இந்த ஊர்ல பொறந்தவளுக்கு அது தெரியாதா? இந்த வாரம் ஒரு ராக்கெட்டும் போகலையே."

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் சிரித்தது. முதலில் ஒரு குரல். பிறகு கூட்டம் கூட்டமாக.

"டெல்மர் ஐயா!" நிகழ்ச்சி நடத்தும் பையனுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "மனுஷன் நிலாவுக்குப் போனான்னு இவ்வளவு தெளிவா யாருமே விளக்கினதில்லை. எதிரணி பேச ஒண்ணுமே மிச்சம் வைக்கலியே நீங்க!"

டெல்மர் கம்ப்யூட்டரை அறைந்து மூடினார். "மைக்கை யார் போட்டது?"

"நான்தான். நீ காப்பி சூடு பண்ணப் போனப்போ, 'யாராவது இருக்கீங்களா'ன்னு அந்தப் பிள்ளை கூப்பிட்டுது. பதில் சொல்லாம இருந்தா மரியாதையா?"

"என் மானம் போச்சே, வெர்னா!"

"மானம் போனா வரும். சுவர் போனா வராது."

டெல்மர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"படமெல்லாம் வேண்டாம், கண்ணு. நான் ஜன்னல்கிட்டயே உட்கார்ந்து பார்த்துக்கறேன்."