இரண்டரை நிமிட இசைப்பெட்டி

நீங்கள் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "இப்ப வருது பாருங்க, இப்ப வருது" என்று உசுப்பி, வந்து போனதும் "கேட்டீங்களா?" என்று விசாரிக்கிற இனத்தை உங்களுக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. சினிமாவில் உங்களுக்குப் பின் வரிசை. மலை பார்க்கப் போனால் மலைக்கும் உங்களுக்கும் நடுவே. விளக்குபவர்கள் என்று இவர்களுக்குப் பெயர். கெட்டவர்கள் அல்லர். தாம் ரசித்ததை நீங்கள் கோட்டை விட்டுவிடுவீர்களோ என்ற கவலையிலேயே இளைத்துப்போனவர்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. நம்மவருக்கு உண்டு. பழைய இயந்திர இசைக்கருவிகளுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகம் ஒன்றில் பதினோரு வருடமாக வழிகாட்டி. தானே வாசிக்கும் பியானோ, கைப்பிடியைச் சுற்றினால் பாடும் பெட்டி, தலையாட்டிக் கூவும் தகரக் குருவி என்று ஆறு அறை நிறைய இருக்கின்றன. அத்தனைக்கும் அவரிடம் பேச்சு இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முன்னுரை'. அது அவர் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஆறாவது அறையில் இருப்பதுதான் அவருடைய செல்லம்: ஆளுயர இசைப்பெட்டி. உள்ளே பித்தளை உருளை, உருளை முழுக்கப் பொடிப்பொடி முட்கள். உருளை சுழல, முட்கள் ஓர் எஃகுச் சீப்பின் பற்களைச் சுண்ட, பாட்டு வரும். முட்கள் தேய்ந்துவிட்டதால் ஒரு நாளைக்கு ஒரே தடவை, மாலை நான்கு மணிக்கு, இரண்டரை நிமிடம்தான் பாடலாம் என்பது அங்கே சட்டம். மேலதிகாரியே வந்து கெஞ்சியபோதும் முன்னுரை மசியவில்லை.

அந்தப் பாட்டைக் கேட்கத்தான் அன்று அவருடைய தங்கை வந்திருந்தாள். பதினோரு வருடமாக அண்ணன் ஃபோனில் அளந்ததெல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றி. ஐந்து மணி பஸ்ஸுக்கு டிக்கெட் கைப்பையில் இருந்தது; இன்றைப் பாட்டை விட்டால் மறுபடி இந்தப் பக்கம் வர எத்தனை வருடமாகுமோ. முன்னுரைக்குக் கை கால் ஓடவில்லை. தங்கை ஒரு தடவை 'நல்லாருக்குண்ணா' என்று சொல்லிவிட்டால் போதும், ஜென்மம் சாபல்யம்.

மணி நான்கு. சாவியைத் திருகினார். உருளை நகர்ந்தது.

"இதுல மொத்தம் எத்தனை முள்ளுன்னு நினைக்கிற? எட்டாயிரத்துச் சொச்சம்மா."

"சரிண்ணா."

"இப்ப ஒரு நடுக்கம் வரும், அதை மட்டும் விட்டுடாத. இரு, வருது. அது ஏன் நடுங்குதுன்னா, சீப்புக்கு அடியில கோழி இறகைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டியிருக்காங்க..."

பாட்டு ஆரம்பித்துவிட்டதா என்று தங்கை பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தாள். அண்ணன் அந்தக் காதின் பக்கம் சாய்ந்தார். அவள் அந்தப் பக்கம் நகர்ந்தாள். இறகுப் பேச்சும் கூடவே நகர்ந்தது. வயதில் மூத்தவர், வாயை மூடு என்று எப்படிச் சொல்வது? கோழியிலிருந்து எஃகுக்கும், எஃகிலிருந்து அதைக் காய்ச்சிய உலைக்கும் அவர் போய்ச் சேர்ந்தபோது பெட்டி 'டக்'கென்று நின்றது.

"எல்லாம் சரிண்ணா. பாட்டு எப்பப் போடுவ?"

"போட்டாச்சேம்மா. முடிஞ்சிடுச்சு."

"இன்னொரு தடவை?"

முன்னுரை சாவியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கூடாதும்மா. இனி நாளைக்குத்தான்."

"சரி விடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீதான் தினம் கேக்கறியே, மெட்டை மட்டும் கொஞ்சம் முணுமுணுத்துக் காட்டேன். எனக்கு அது போதும்."

முன்னுரை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூவாயிரம் தடவைக்கு மேல் பாடியிருக்கிறது அந்தப் பெட்டி. மூவாயிரம் தடவையும் அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டாயிரம் முள்ளும் தெரியும். அவை பாடுகிற பாட்டு அவருக்குத் தெரியாது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கைக்கும் மனசு கேட்கவில்லை. "பரவாயில்லண்ணா, நீ சொன்னதே நல்லாருந்துச்சு" என்று பொய் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பாவம் என்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படிக்கும்போதே, தம் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டுக்காரரை, அல்லது வீட்டுக்காரியை, 'இதைக் கொஞ்சம் கேளேன்' என்று உலுக்கி, எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது யார்?