கொட்டகலைக்கு ரயிலேறி வந்த டொல்பின்

நான் வினோஜன். வயது இருபத்து மூன்று. இருப்பது தோஹாவில், ஒரு நெரிசல் அறையின் மேல்கட்டிலில். நான் வாயால் சொல்லச் சொல்ல ஃபோன் எழுதிக்கொள்கிறது. இது அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மாக்கண்ணுவுக்கு நடந்த கதை. அவர் என்னைப் பெற்ற அம்மா. அதற்காக ஒரு வார்த்தையும் குறைக்கப் போவதில்லை.

ஆடி மழையோடு தோட்டத்துக்கு டொல்பின் வந்தது. கடலில் வாழ்வது மலைக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் அதோடு வந்த சாமியார், டொல்பின் சாமி, பதில் வைத்திருந்தார். திருகோணமலைக் கடலில் அவர் மூழ்கப் போனாராம். டொல்பின் ஒன்று முதுகில் சுமந்து கரை சேர்த்ததாம். அந்தப் பாசத்தில் பிரிய மனமில்லாமல் ரயிலேறிக் கொட்டகலை வரை பின்னாலேயே வந்துவிட்டதாம். டிக்கெட் எடுத்ததா என்பது மட்டும் தெரியவில்லை.

இப்போது அது கோயிலுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்குள் குடியிருந்தது. மனிதக் கண் பட்டால் வெட்கப்படுமாம். மேலே சிவப்புச் சேலை. கடல் ஜீவனுக்கு உப்புத் தண்ணீர் வேண்டுமே? கும்பிட வருகிறவர்கள் ஆளுக்கொரு பை உப்புக் கொண்டுவர வேண்டும். அதைத் தாங்கியில் கொட்டுவது சாமியின் வேலை. அதுவும் ஆள் இல்லாத நேரத்தில்.

கூட்டமோ கூட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டி வேலைக்குப் போனவர்கள். டொல்பின் கடல் வழியாக அவர்கள் சேதியைக் கேட்டு 'கீச் கீச்' என்னும். சாமி அதைத் தமிழாக்குவார். டொல்பினுக்கு மனிதர் என்றால் உயிராம். மனிதர் கொண்டுவரும் உப்பு என்றால் சாமிக்கு அதைவிட உயிர்.

"எம் மகன் எப்படி இருக்கான் சாமி?" என்று கேட்டார் அம்மா.

கீச்.

சாமியின் முகம் சுருங்கியது. "தாயி, ஒம் மகனுக்குக் கண்டம். பெரிய அலை ஒண்ணு வருது."

"அவன் பாலைவனத்துல பெயின்ட் அடிக்கிறான் சாமி."

கீச் கீச்.

"மணல் அலை!" சாமி கொஞ்சமும் அசரவில்லை. "இனி ஃபோன் பேசாத. அந்தக் கரண்டு டொல்பின் காதைச் சுடுது. ஒம் மக காதுத் தோட்டைக் கொண்டாந்து தண்ணிக்குள்ள போடு. கண்டம் வெலகிரும்."

என் முதல் சம்பளத்தில் தங்கச்சி ஜெயந்தினிக்கு வாங்கிய தோடு அது.

"டொல்பின் மூச்செடுக்க மேல வரணும்மா," என்றாள் தங்கச்சி. "இது ஒரு தடவகூட வரலயே?"

"அது பக்தியில மூச்சடக்கி இருக்குடி!"

அம்மா ஃபோனை அணைத்து அரிசி வாளிக்குள் புதைத்தார். அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று நான் இங்கே சுவருக்குப் பதிலாக ஜன்னல் கண்ணாடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் தாங்கியடியில் கூடினார்கள். அம்மா தங்கச்சியின் காதைப் பிடித்தார்.

"கழட்டுடி! ஒனக்கு அண்ணன் உசுரு பெருசா, தோடு பெருசா?"

"கழட்டுறேம்மா. சாமிகிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். சாமி, இது கடல் தண்ணிதானே?"

"மூட்டை மூட்டையா உப்புக் கொட்டியிருக்கேன். கடல்கூட இவ்வளவு கரிக்காது!"

தங்கச்சி தாங்கிக் குழாயைத் திறந்து ஒரு கோப்பைத் தண்ணீர் பிடித்தாள். குனிந்து தன் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து அதற்குள் போட்டாள்.

உப்புப் பட்டால் அட்டை என்னாகும் என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காலில் உப்பும் சவுக்காரமும் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள். சுருண்டு சாகும். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அட்டை சாகவில்லை. சுகமாக ஒரு குளியல் போட்டது. பிறகு விளிம்பில் ஏறி, தலையைத் தூக்கி, அடுத்து யார் கால் என்று சுற்றிலும் பார்த்தது.

"அப்ப நாங்க சொமந்து வந்த உப்பெல்லாம் எங்கடா?" என்றார் அம்மா. சாமி 'டா'வுக்கு இறங்கியது அந்த இடத்தில்தான்.

"டொல்பின் தின்னுருச்சு தாயி..."

"தின்ன வாயைக் காட்டு, பாப்போம்!"

அம்மா சேலையை உருவினார். மற்றவர்கள் தாங்கியைச் சாய்த்தார்கள். தண்ணீரோடு வந்து விழுந்தது டொல்பின். நீல நிறம். கழுத்தில் கல் கட்டியிருந்தது. வயிற்றில் காற்றடிக்கும் மூடி.

சாமி ஓட்டமெடுத்தார். கை வீசும்போதெல்லாம் அவர் அக்குளில் இடுக்கியிருந்த ரப்பர் பொம்மையிலிருந்து கீச், கீச், கீச்! தலைப்பாகை அவிழ்ந்ததும் அடுத்த லயத்து மீனம்மா கத்தினார்: "அடப்பாவி, இவன் பழனியாண்டில்ல? சீசன் நேரம் நுவரெலியாவுல பலூன் வித்தவன்!"

உப்பு? அதைப் பஜாரில் விற்றிருக்கிறான். அடுத்த வாரம் கும்பிட நம்மவர்கள் அதையே வாங்கி வந்திருக்கிறார்கள். ஒரே உப்பு எத்தனை தடவை மலை ஏறியதோ!

மீனம்மாவின் ஃபோனில் தங்கச்சி இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். தோடு அவள் காதிலேயே இருக்கிறதாம். நிஜ டொல்பின் தன் கடலில் தன் பாட்டுக்கு நீந்துகிறது. அதற்கு என் பெயரும் தெரியாது, உங்கள் மகன் பெயரும் தெரியாது. அட்டையாவது வயிறு நிறைந்ததும் தானாக விழுந்துவிடும். சாமியார் விழமாட்டான். யோசித்து நீங்கள்தான் பிய்த்துப் போட வேண்டும்.

இதை வாசிக்கிறவர்கள் எங்கள் தோட்டத்துப் பக்கம் போனால் ஓர் உதவி. அம்மாவின் ஃபோன் இன்னும் அரிசி வாளிக்குள்தான் கிடக்கிறது. வெட்கத்தில் எடுக்காமல் இருக்கிறார். மகன் நன்றாக இருக்கிறான், எடுத்துப் பேசுங்கள் என்று சொல்லுங்கள்.