தனுஷ்கோடியில் நான் பிரிக்கச் சொன்ன மூட்டை

எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்று இருபத்திரண்டு வயதில் உறுதியாக நம்பியவன் நான். அந்த நம்பிக்கை தனுஷ்கோடி சுங்கக் கொட்டகையில் உதிர்ந்தது. (பிறகு திரும்பத் துளிர்த்துக்கொண்டது. அது வேறு விஷயம்.)

ஐம்பதுகளின் கடைசி. சேலத்துக்காரனான நான் எடப்பாடியில் நல்லமுத்து முதலாளியின் கைலி வியாபாரத்தில் தற்காலிக குமாஸ்தா. கொழும்பிலிருந்து ஒரு கடையும் மலேயாவின் பினாங்கிலிருந்து ஒரு கடையும் எங்கள் கைலியைக் கேட்டிருந்தன. ஒரு நாட்டுக்கு அனுப்பும் அளவுக்குத்தான் எங்களிடம் தறி இருந்தது.

"ஏப்பா அந்தோணி, காயிதம், சுங்கம், சோதனைன்னு எந்த நாட்டுக்குச் செலவு கம்மின்னு எழுதிக் கொண்டா. சரியாச் செஞ்சயின்னா வேலை நிரந்தரம்" என்றார் முதலாளி.

வேலை நிரந்தரமானால்தான் ஸ்டெல்லாவைக் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். விடுவேனா? ஒரு தாளின் நடுவே கோடு போட்டேன். இந்தப் பக்கம் இலங்கை, அந்தப் பக்கம் மலேயா. மலேயா பக்கம் நாகப்பட்டினத்துக் கப்பல் ஏஜெண்டு, அவருக்கு ஒரு ஏஜெண்டு என்று பக்கம் நிரம்பியது. இலங்கைக்கு நாலே வரி. நாலாவது வரியில் 'சோதனையால் தாமதம்: இல்லை' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். (சோதனை எப்படி நடக்கும் என்று யாரையும் கேட்கவில்லை.)

முதலாளி அதை நம்பி, தீபாவளிச் சரக்கு ஆறு மூட்டையோடு, இலங்கைக் கப்பலில் ஏற்றிவிட என்னையே தனுஷ்கோடிக்கு அனுப்பினார்.

சுங்க அதிகாரி நான் நீட்டிய சரக்குப் பட்டியலில் 'துணி மட்டும்' என்பதைப் படித்துவிட்டு, முத்திரையைக் கையில் எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"சந்தேகமிருந்தா எந்த மூட்டையை வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க சார்" என்றேன்.

முத்திரையைக் கீழே வைத்தார். ஒரு மூட்டையைப் பிரித்து முதல் கைலியை உதறியதும், காய்ந்த வேப்பிலை அவர் சட்டை மேல் கொட்டியது.

"என்னய்யா இது?"

"வேப்பிலை சார். பூச்சி வராது."

"துணி மட்டும்னு எழுதியிருக்கே?"

எங்கள் பக்கம் வேப்பிலை வைக்காமல் யாரும் துணி கட்டுவதில்லை. அது தனிப் பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டும்போது இன்னும் ரெண்டு கை போடச் சொன்னவனே நான்தான்.

"இலை தழைக்குத் தனிச் சான்று வேணும். இல்லாட்டி ஆறு மூட்டையிலயும் இலையைப் பொறுக்கிட்டு வா" என்றார் அதிகாரி.

பொறுக்கினேன். கடற்காற்று நான் பொறுக்கிய இலையை அடுத்த கைலியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் எங்கள் புனிதர் அந்தோணியார். இருப்பதைக் காணாமல் போக்க யாரை வேண்டுவது? என் கண்ணெதிரே இரண்டு கப்பல்கள் போயின. ஸ்டெல்லாவும் அதில் ஒன்றில் ஏறிப் போவதாகவே தோன்றியது. உட்கார்ந்து அழுதேன். சரக்கு கொழும்பு சேர்ந்தபோது தீபாவளி முடிந்திருந்தது.

எடப்பாடிக்கு வந்து முதலாளி முன் தலைகுனிந்து நின்றேன். அவர் என் தாளை எடுத்து, இலங்கைப் பக்கத்தில் ஐந்தாவது வரியாகத் தன் கையாலேயே எழுதினார்: 'அந்தோணி'.

"அப்ப என் வேலைங்க?"

"இந்தச் செலவை நான் யாரு தலையில கொண்டுபோயிக் கட்டறது? இங்கயே நிரந்தரமா இருந்துக்க. சுங்கத்துல மட்டும் வாயத் தொறக்காத சாமி."

ஸ்டெல்லா என் மனைவியானாள். வேளாங்கண்ணிக்குப் போக இன்றும் அவள்தான் செலவுப் பட்டியல் போடுவாள். பஸ், சாப்பாடு, மெழுகுவத்தி, கடைசி வரியில் என் பெயர். அதற்கு நேராகத் தொகை எவ்வளவு என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

"போயிட்டு வந்தாத்தான் தெரியும்" என்பாள்.