எஸ்தர் பண்ணின ஜெபம்

நான் அதிகம் பேசமாட்டேன். அதை நல்ல குணம் என்று நினைத்தே பாதி வயதைக் கழித்துவிட்டேன். (குணம் இல்லை, திமிர். இது என் பெண்டாட்டி எஸ்தர் சொன்னது.)

எழுபதுகளில் மதுராந்தகத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். மில்லில் எல்லாருக்கும் நான் "டேய்"தான். அப்போது கருங்குழிப் பக்கம் எங்கள் ஊர்ச் சபையில் மூப்பர் இடம் ஒன்று காலியானது. மூப்பரானால் போதகரே "வாங்க" என்பார். அந்த ஒரு "வாங்க"வுக்குத்தான் ஆசைப்பட்டேன்.

ஆனால் மூப்பருக்குக் குடி, பீடி கூடாது. வீட்டில் சண்டை கூடாது. பெண்டாட்டி பிள்ளைகள் அடக்கமாக இருக்கவேண்டும். அதைப் பார்க்கப் போதகர், பழைய மூப்பர் ஒருவரோடு வீட்டுக்கே வருவார். நான் பீடியை விட்டேன். பிள்ளைகளை மிரட்டி வைத்தேன். எஸ்தரிடம்தான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன். (பெரிய மகளிடம் சொல்லி அனுப்பினேன்: "அம்மாவ சிரிச்சிகினு இருக்கச் சொல்லு.")

வந்தார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். எஸ்தர் சிரித்துக்கொண்டே டீ கொடுத்தாள். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. போதகருக்குத் திருப்தி.

"நல்ல குடும்பம்ப்பா. எஸ்தரு, நீயே ஜெபம் பண்ணி முடிம்மா."

எல்லாரும் கண்ணை மூடினோம். எங்கள் சபையில் ஒருவர் ஜெபம் பண்ணும்போது குறுக்கே பேசக்கூடாது. கொலையே நடந்தாலும் ஆமென் வரைக்கும் பொறுக்கவேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

"ஆண்டவரே, இந்த மனுசன் எங்கூடப் பேசி ஒரு மாசமாவுது."

"ஸ்தோத்திரம்," என்றார் பழைய மூப்பர். (பழக்கதோஷம்.)

"கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சட்டியோட தெருவுல வீசினாரே, நீரு பாத்துகினுதானே இருந்தீரு?"

"ஸ்தோத்திரம்!"

"சோறு வேணும்னா புள்ளைய அனுப்புறாரு. நா இன்னா மாடா, ஆண்டவரே? வூட்ல பேசாதவரு சபையில இன்னா பேசப்போறாரு?"

இதற்கு ஸ்தோத்திரம் வரவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். போதகர் இரண்டையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மட்டும் கண்ணை இறுக்கி மூடி, பிள்ளைகளின் சளி, ஒழுகும் கூரை எல்லாம் சொல்லி முடித்துத்தான் ஆமென் என்றாள்.

டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஏன்டி இப்டி மானத்த வாங்கின?" என்றேன்.

"வாய் தொறந்துச்சா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் சபையிலேயே யோசேப்பு என்பவனை மூப்பராக்கினார்கள். அவனுக்குக் கேளம்பாக்கத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. போதகரைத் தவிர ஊருக்கே தெரியும். அவன் பெண்டாட்டியையும் ஜெபம் பண்ணச் சொன்னார்களாம். அவள் வாயே திறக்காமல் அழுதாளாம். "இன்னா ஒரு பக்தி!" என்றாராம் போதகர்.

இப்போது என் மகன் வீட்டில் குரலை உயர்த்தினால், மருமகள் என்னைப் பார்த்து, "மாமா, ஜெபம் பண்ணிடவா?" என்பாள். அவன் அடங்கிவிடுவான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். எஸ்தர் சிரிக்கமாட்டாள். ஆண்டவரிடம் சொல்ல அவளிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது.