டி.டி.ஆரும் பதினேழாம் நம்பரும்

திருச்சியில் கலெக்டருக்குப் பயப்படாதவர்கள் இருக்கலாம். கொள்ளிடத்து வெள்ளத்துக்குப் பயப்படாதவர்கள்கூட இருக்கலாம். டி.டி.ஆருக்குப் பயப்படாமல் நாய் வளர்ப்பவர் ஒருத்தர்கூடக் கிடையாது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பொன்மலையில் அவர் வீட்டுக் கொல்லையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு நாய்கள் இருக்கும். தண்டவாளத்தில் அடிபட்டது, சாக்கடையில் கிடந்தது, வீடு மாற்றிப் போனவர்கள் தெருவில் விட்டுப் போனது. எல்லாவற்றையும் தேற்றி, நல்ல குடும்பமாகப் பார்த்துக் கொடுப்பார். கொடுப்பார் என்றா சொன்னேன்? லேசில் கொடுக்கவே மாட்டார். புரட்டாசிப் புழுக்கத்தில் பழைய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, நாங்கள் ஒரு நாய் கேட்டதற்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார்.

"வீட்டுல எத்தனை பேருங்க?"

"நானும் அவரும்தான் சார்."

"அவர் குறட்டை விடுவாரா?"

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

"நாய்க்குத் தூக்கம் கெடும்மா. சாப்பாடு எப்போ போடுவீங்க?"

"நாங்க சாப்பிட்டதும்..."

"ஓஹோ, மிச்சம் மீதியா?"

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை.

கடைசியில் ஒரு காது பாதி போன, வால் சுருண்ட செவலை நாய் ஒன்றைக் கொடுத்தார். "மூணு மாசம் ஆர்.ஏ.சி.தான். அப்புறம்தான் கன்ஃபர்ம் பண்ணுவேன். அதுவரைக்கும் கட்டிப்போடக் கூடாது, பேர் வைக்கக் கூடாது. இவன் நம்பர் பதினேழு, அவ்வளவுதான்." ரயிலில் பாதி ஸீட்டில் ஒண்டிக்கொண்டு போகிறவர்களைப் போல நாங்கள் மூன்று மாதம் ஓட்ட வேண்டுமாம்.

"பதினேழு, சாப்பிட வாடா" என்று எந்த வீட்டிலாவது கூப்பிடுவார்களா? நாலாம் நாளே என் கணவர் அந்த வாலைப் பார்த்து "முறுக்கு" என்றார். அது ஓடி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. ஆபீஸ் விட்டு வந்தால் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்கிற மனிதர், மேனேஜர் திட்டியதை எல்லாம் முறுக்கிடம் சொல்ல ஆரம்பித்தார். இருபது வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுக்களையிலிருந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது வைகுண்ட ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அன்றைக்கு அவர்கள் வீடு சொந்தமில்லை. முசிறியிலிருந்து சின்ன மாமனார், அவருடைய சம்பந்தி, சம்பந்திக்குத் தெரிந்தவர்கள் என்று இருபத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். சின்ன மாமனாருக்கு நாய் என்றால் உதறல். "அதைக் கட்டுனாத்தான் உள்ள வருவேன்" என்று செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல், துணி காயப்போடும் கயிற்றால் முறுக்கைக் கொல்லையில் கட்டினேன். பத்தே நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வந்து நின்றார் அந்தப் புண்ணியவான்.

"என்னம்மா இது கயிறு?"

"விருந்தாளிங்க வந்திருக்காங்க சார், பயப்படுறாங்க..."

"அப்போ விருந்தாளியைக் கட்டிப்போட வேண்டியதுதானே!"

இருபத்திரண்டு பேர் வேடிக்கை பார்க்க, முறுக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் கையில் காபி டபராவோடு அப்படியே நின்றார். "நல்லதாப் போச்சு" என்றார் சின்ன மாமனார். ஊருக்குக் கிளம்பும்வரை அவருக்கு நான் காபியே கொடுக்கவில்லை.

இரண்டு நாள் என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. பேப்பரைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பொன்மலைக்குக் கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, வழி நெடுக வாய்க்குள்ளேயே திட்டி ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு ஸீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே டி.டி.ஆர். கோட்டு இல்லாமல், பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் தயிர்சாதம். "பதினேழு, ஒரு வாய்டா... மூணு நாளாச்சுடா..." நாய் திரும்பவே இல்லை.

"டேய் முறுக்கு!" என்று கத்தினேன். தயிர்சாதத் தட்டை மிதித்துக்கொண்டு பாய்ந்து வந்தது.

"பேர் வச்சிட்டீங்களா?" என்று அவர் எழுந்து கத்தினார்.

"வச்சோம்! நாலாம் நாளே வச்சோம்! என்ன பண்ணுவீங்க?"

"ஏன் வைக்காதீங்கன்னு சொன்னேன்? அங்க பாருங்க!"

கேட்டருகே ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அவனுக்கு ராஜான்னு பேர் வச்சாங்க. ஒரு வருஷம் மெத்தையில படுக்க வச்சாங்க. புது சோஃபா வாங்கினதும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. அஞ்சு வருஷமா அங்கேயே உக்காந்திருக்கான். யாராவது 'ராஜா'ன்னு கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கான். வெறும் நம்பர்னா மறந்துடுமேன்னுதாம்மா..."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யாருங்க அவங்க? அட்ரஸ் குடுங்க" என்றேன். சத்தியமாகப் போயிருப்பேன்.

"வேணாம்மா. நானே மூணு தடவை போய்ச் சண்டை போட்டுட்டேன்."

உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு, நோட்டோடு வந்தார். பதினேழை அடித்துவிட்டு, பக்கத்தில் 'முறுக்கு' என்று எழுதினார். "கன்ஃபர்ம். ஆனா செக்கிங் வருவேன்."

கன்ஃபர்ம் ஆனபிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். தண்ணீர்க் கிண்ணம் வழவழவென்று இருக்கிறது என்கிறார், ஃப்ரிட்ஜைத் திறக்கிறார், என் கணவரின் குறட்டையைப் பற்றி விசாரிக்கிறார். நானும் விடாமல் சண்டை போடுகிறேன். போன ஞாயிறு அவர் வரவில்லை. காய்ச்சல் என்று மறுநாள்தான் தெரிந்தது. முறுக்கு காலையிலிருந்தே கேட்டருகில் போய் உட்கார்ந்துகொண்டது. "வராட்டிப் போறாரு, பீடை விட்டுது" என்று திட்டிக்கொண்டே நானும் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.