கோபால்சாமியின் இடது முட்டி

“கிட்ட போவாத! உள்ள இருக்கிறது நெஜமாவே ஆளா, படம் புடிச்சு போட்டு வெச்சிருக்காங்களான்னு மொதல்ல பாக்கணும்.” மனைவி மாதம்மாளின் கையைப் பிடித்து நிறுத்தினார் கோபால்சாமி.

மலைமேல் இருந்த துணை சுகாதார நிலையத்தின் சுவரில் பெரிய டிவி. அதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். நர்ஸ் சரிதா, “இதுலதாங்க வேலூர் டாக்டர் பாப்பாரு. உக்காருங்க, ஊசி போட்டுட்டு வந்துடறேன்,” என்று வாசலில் அழுத குழந்தைகளிடம் ஓடிவிட்டாள்.

கோபால்சாமிக்கு இரண்டு மாதமாக வலது முட்டியில் வலி. சாமை அறுப்பு நெருங்குகிறது, குனிய முடியவில்லை. பஸ் பிடித்து வேலூர் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். அதனால்தான் இங்கே வந்தார். ஆனாலும் தொட்டுப் பார்க்காத டாக்டரை அவர் நம்புவதாக இல்லை.

“நான் பேசறது கேக்குதுங்களா?” என்றார் டிவிக்காரர்.

“முட்டி வலின்னு வந்தா காதை சோதிக்கிறான் பாரு,” என்று முணுமுணுத்தபடி தலையாட்டினார் கோபால்சாமி.

“கையைத் தூக்குங்க.”

தூக்கினார்.

“அந்தாண்ட செவுரு வரைக்கும் நடங்க. இப்ப கிட்ட வாங்க. இன்னொரு தபா போங்க.”

ஆறு தடவை நடந்ததில் மூச்சு வாங்கியது. சந்தேகமும் முற்றியது. டிவியைப் பார்த்து, “எனக்கு இடது முட்டிதாங்க வலி!” என்றார்.

மாதம்மாள் அவர் தொடையில் கிள்ளினாள். “இன்னாய்யா இது? டாக்டர்கிட்டயே பொய்யா?”

“நெஜ டாக்டரா இருந்தா கண்டுபுடிக்கட்டும்.”

டிவிக்காரர் நெற்றியைச் சுருக்கி அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கி, இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கோபால்சாமிக்கு வியர்த்தது. “கண்டுபுடிச்சிட்டாருடி!”

“திரும்ப ஒரு தபா நடங்க,” என்றார் டிவிக்காரர்.

நடந்தார். முட்டி இளகியதுபோல் இருந்தது.

“மாதம்மா, வலி கொறையுது! நடக்க வெச்சே வைத்தியம் பண்றாரு மனுசன்!”

கண் கலங்கிவிட்டது. டிவிக்கு அருகில் போய்க் கைகூப்பி, “தப்பா நெனச்சுட்டேன் சாமி, மன்னிச்சிடுங்க. வலது முட்டிதாங்க!” என்று கத்தினார்.

டிவிக்காரர் முகம் மலர்ந்தது.

“அப்பாடா, இப்பதாங்க நீங்க பேசறதே கேக்குது! மைக்கு, கேமரா எல்லாம் சரியாயிடுச்சு. உக்காருங்க, டாக்டர் பத்து மணிக்கு வருவாரு.”