பதினோரு பேர் கூடி ஒரு போன் வாங்கியது

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அதே கோட்டை மலைக்குப் பின்புறம் இருக்கிற எங்கள் ஊரின் முன்னேற்றச் சங்கம் ஒரு செல்போன் வாங்க எடுத்துக்கொண்டது வெறும் நாற்பத்தோரு நாட்கள். வேகத்தில் யார் பெரியவர்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானே அதைச் சொல்லிக்கொள்வது அழகல்ல.

விஷயம் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்கத்தான் ஒரு சங்கம் தேவைப்பட்டது. அன்புக்கரசி எங்கள் ஊரில் நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். ஏரியில் தூர் வாரும் முப்பத்திரண்டு பெண்களையும் நிறுத்தி, காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம் என்று வேலை நடக்கிற இடத்திலேயே போனில் எடுத்து ஏற்ற வேண்டியது அவள் பொறுப்பு. படம் ஏறினால்தான் வருகை. வருகை இருந்தால்தான் கூலி. அவளுடைய பழைய போன் ஏரிச் சேற்றில் விழுந்து உயிரை விட்டது. அந்தப் பெண்களின் வீடுகளில் இருக்கிற ஒன்றிரண்டு நல்ல போன்களும் விடிந்ததும் பிள்ளைகளோடு கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகின்றன.

பெண்கள் தங்களுக்குள் ஏழாயிரம் ரூபாய் சேர்த்தார்கள். விட்டிருந்தால் மறுநாளே அன்புக்கரசி செஞ்சிக்குப் போய் ஒரு போனை வாங்கி வந்து எல்லாவற்றையும் கெடுத்திருப்பாள். நல்லவேளையாக எங்கள் ஊர் மரபு குறுக்கே வந்து நின்றது. நாலு பேர் சேர்ந்து போட்ட காசு எதுவானாலும் அது பொதுக்காசு. பொதுக்காசில் குண்டூசி வாங்குவதானாலும் சங்கம்தான் வாங்க வேண்டும். மாதா கோயில் திருவிழாவுக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கும் பொதுவாக ஒரு மைக்செட் வாங்கியபோது எழுதிய விதி அது. மூன்று கடையில் விலை கேட்க வேண்டும், நேரில் போட்டுப் பார்க்க வேண்டும், சத்தம் ஊர் எல்லை வரை எட்ட வேண்டும் என்று அதில் சகலமும் இருக்கிறது. செல்போனுக்கென்று தனி விதி இல்லாததால், மைக்செட் விதியையே மாட்டி விட்டோம்.

காசைக் கொண்டுவந்து கொடுத்தபோது அன்புக்கரசி தலைவர் தோமினிக்கிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். தோமினிக் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் கரன்ட் போனால் இன்றைக்கும் அவரைத்தான் திட்டுவார்கள்.

“வெல கம்மியா இருந்தா போதும் மாமா. தவணை, கண்டிசன்னு ஒண்ணும் வாணாம். எந்த சிம்ம போட்டாலும் எடுக்கணும். மலை மறைக்கிறதால ஏரிக்குள்ள ஒரே ஒரு கம்பெனி டவருதான் எடுக்குது. அந்த சிம்மு எங்கிட்ட இருக்குது.”

‘பயனாளியின் கருத்து கேட்கப்பட்டது’ என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினேன். என்ன கருத்து என்பதை எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை.

கூட்டங்கள் செஞ்சி காந்தி பஜாரில், பொருளாளர் சுந்தரமூர்த்தியின் உரக்கடை மாடியில் நடந்தன. ஊர்க் காரியத்தை ஊரில் வைத்துப் பேசினால் என்ன என்று கேட்கலாம். ஊரில் உறுப்பினர்களின் போன்களுக்குச் சிக்னல் சரியாக வராது. கூட்டம் நடக்கும்போது அவர்கள் என்னதான் செய்வார்கள்?

முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தோம். ‘திறன்பேசித் தேர்வு உயர்நிலைக் குழு’. பதினோரு பேரும் தவறாமல் வந்திருந்தார்கள். இதைப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்: நாற்பத்தோரு நாட்களில் நடந்த ஒன்பது கூட்டங்களிலும் ஒருவர்கூட வராமல் இருந்ததில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதோ ஒரு வடை இருந்தது என்பது உண்மைதான். ஆனால் கடமை உணர்ச்சியை வடையோடு சேர்த்துப் பேசுவது சிறுமை.

இரண்டாம் கூட்டத்தில் தொழில்நுட்ப ஆலோசகர் ரஞ்சித் பேசினான். அவனிடம் இரண்டு போன்களும், போனோடு பேசுகிற ஒரு கைக்கடிகாரமும் உண்டு. ரேம், பிராசஸர், திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினான். எல்லோரும் புரிந்ததுபோலத் தலையாட்டினோம். சுந்தரமூர்த்தி மட்டும் அது என்ன கலர் என்று கேட்டார். ஏரி மண் ஒட்டினால் தெரியாத கலராக இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. தலைவர் அதைவிட ஆழமாகப் போனார்.

“கேமரா நூத்தியெட்டு மெகாபிக்சலுக்குக் கொறையக் கூடாது. மீனம்பாள் மூஞ்சில இருக்கிற சுருக்கம் ஒண்ணொண்ணும் எண்ற மாதிரி தெரியணும். அப்பத்தான் அவ எடத்துல வேற ஆளு வந்து நிக்க முடியாது.”

எழுபது வயதை நெருங்கும் மீனம்பாளின் இடத்தில், வெயிலில் மண் சுமக்க ஆள்மாறாட்டம் செய்து யார் வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஒன்பதாம் நாள் அன்புக்கரசி உரக்கடை மாடிக்கே ஏறி வந்துவிட்டாள். முதல் வாரம் பெண்கள் எங்களை நம்பி மண் வெட்டியிருக்கிறார்கள். அவளும் நோட்டில் கையால் பேர் எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டு செல்லாது என்று தெரிந்த பிறகு, காலையில் வந்து கரையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்களாம். அவர்கள் வெட்டிய மண் ஏரிக்குத் தெரியும். படம் ஏற்றும் செயலிக்குத் தெரியாது.

“போனு வர்ற வரைக்கும் யாராச்சும் ஒருத்தரு போன காலைல கால் மணி, மத்தியானம் கால் மணி குடுங்கண்ணா. படத்த ஏத்திட்டு உடனே திருப்பிக் குடுத்துடறேன்” என்றாள். இரண்டு பெண்கள் வீட்டில் சாயங்காலம் உலை வைப்பதே இல்லை என்றும் சொன்னாள்.

அப்போது மேஜைமேல் ரஞ்சித்தின் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு போன்கள் கிடந்தன. பெண்பிள்ளை பேசும்போது திரையைப் பார்ப்பது மரியாதையில்லை என்று அத்தனை பேரும் போனைக் கவிழ்த்து வைத்திருந்தோம். நாகரிகம் என்றால் இதுதான்.

தலைவர் யோசித்தார். ரஞ்சித் தனிமனித அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். பிறகு தலைவர் கனிவாக விளக்கினார்: “ஏம்மா, தற்காலிகமா ஒண்ணு கெடச்சிட்டா, நிரந்தரமா கெடைக்க வேண்டியது நின்னுபூடும். அத நாங்க பண்ண மாட்டோம்.”

‘உறுப்பினர்களின் சொந்தக் கைப்பேசிகளைப் பொதுப்பயன்பாட்டுக்கு வழங்குவதில்லை’ என்பது ஏழாவது தீர்மானம். அதன் கையெழுத்து அழகு என்னுடையது. அன்புக்கரசி படியிறங்கிப் போனாள். வடை சூடாக இருக்கும்போதே வந்து சேர்ந்தது.

அதன்பின் ஒப்பீட்டு ஆய்வு. செஞ்சியில் இரண்டு கடை, திண்டிவனத்தில் ஒரு கடை. ஒவ்வொரு கடைக்கும் பதினோரு பேரும் போனோம். திண்டிவனம் கடையில் ரஞ்சித் ஒரு மணி நேரம் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடி, போன் எவ்வளவு சூடாகிறது என்று எங்கள் கன்னத்தில் வைத்துக் காட்டினான். ஏரியில் துப்பாக்கிச் சண்டை நடக்காது என்று என்ன நிச்சயம்? செஞ்சி சண்டைக்குப் பேர்போன ஊர் அல்லவா.

கடைசியாக இரண்டு போன்கள் மிஞ்சின. முதல் போன் ஏழாயிரத்துக்குள் அடங்கியது. தவணை இல்லை, ஒப்பந்தம் இல்லை, எந்தக் கம்பெனி சிம்மும் எடுக்கும். அன்புக்கரசி கேட்டது அப்படியே இருந்தது. ஆனால் மைக்செட் விதியின் நான்காம் பிரிவில் அது தோற்றுவிட்டது. கடைக்குள் பாட்டுப் போட்டால் வாசலுக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது போனும் அதே விலைதான். அதோடு சக்கரம் வைத்த ஒரு ஸ்பீக்கரும் மைக்கும் இனாம். போட்டுக் காட்டியதும் பஜாரே திரும்பிப் பார்த்தது. சுந்தரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் விற்பனைக்கு நின்ற மோனிகா என்ற பெண்தான் கொஞ்சம் அபசகுனமாகப் பேசினாள். அந்தப் போனில் அதோடு வருகிற கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும், ஒன்றரை வருடத்துக்குப் பூட்டு, யோசித்து வாங்குங்கள் என்றாள்.

“கட்டுப்பாடு இல்லாத பொருளு ஊருக்கு ஆகாதும்மா” என்றார் தலைவர்.

அவ்வளவுதான். விலைப்புள்ளி சரி, சத்தம் சரி, சங்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர். போன் எது, இனாம் எது என்று பிரித்துப் பார்க்கிற குறுகிய மனம் எங்களுக்கு இல்லை. ஸ்பீக்கரைத் தலைவர் வீட்டில் வைத்துப் பாதுகாப்பது என்று அங்கேயே முடிவானது.

நாற்பத்தோராம் நாள், திங்கட்கிழமை காலை, ஏரிக்கரையில் ‘திறன்பேசி வழங்கும் பெருவிழா’. ஏரி வேலையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாரம்தான். அந்த வாரக் கூலியாவது கைக்கு வரும் என்று முப்பத்திரண்டு பெண்களும் எட்டரை மணிக்கே மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றார்கள். நாங்கள் பத்து மணிக்கு வந்தோம். இரண்டு புளியமரங்களுக்கு நடுவே பேனர் கட்டியிருந்தது. பதினோரு பேர் முகமும், முகத்துக்குக் கீழே பேரும். ஓர் ஓரத்தில் பெருவிரல் நகம் அளவுக்குப் போனின் படமும் இருந்தது.

காலைப் படம் பதினொரு மணிக்குள் ஏற வேண்டும் என்று அன்புக்கரசி இரண்டு தடவை நினைவூட்டினாள். தலைவர் இனாம் மைக்கில் செஞ்சியின் வீர வரலாற்றைப் பேசிக்கொண்டிருந்தார். வீரத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. பத்தே முக்காலுக்குப் போன் அவள் கைக்கு வந்தது.

அவள் தன் சிம்மைப் போட்டாள். இந்த சிம்மை ஏற்க முடியாது என்று போன் சொன்னது. பெட்டியோடு வந்த சிம்மைப் போட்டாள். போன் அதை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டு, டவரைத் தேடத் தொடங்கியது. அவள் கரைமேல் ஏறினாள். மதகு மேல் ஏறி நின்று கையைத் தூக்கினாள். நடுவில் ராஜகிரிக் கோட்டை மலை அசையாமல் நின்றது. முகலாயருக்கே ஏழெட்டு ஆண்டுகள் வழிவிடாத மலை, இந்தக் கம்பெனிக்கா விடும்? ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னான் ரஞ்சித். அணைத்துப் போட்டாள். மறுபடியும் தேடியது.

இந்த வரலாற்றுக் காட்சியைத் தவறவிடக் கூடாதென்று நாங்கள் பதினோரு பேரும் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

மதகிலிருந்து இறங்கிய அன்புக்கரசி எங்களைப் பார்த்தாள். பிறகு வரிசையில் முதல் ஆளாக நின்ற தலைவரிடம் வந்து கையை நீட்டினாள். சார்ஜ் இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் போனைப் பைக்குள் போட்டார். சுந்தரமூர்த்தி, அது கடைப் போன் என்றார். ரஞ்சித் இரண்டு போனையும் இரண்டு பைக்குள் விட்டான். அவள் நகர நகர, போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

கடைசியில் நான். என் போனில் இருந்தது ஏரிக்குள் எடுக்கிற அதே கம்பெனி சிம். சமயம் தெரியாமல் அந்த நேரம் பார்த்து ‘டிங்’ என்று ஒரு காலை வணக்கம் வந்து விழுந்தது. அவள் காதிலும் அது விழுந்தது.

“அண்ணா, மூணே நிமிசம்” என்றாள்.

மணி பத்து ஐம்பத்தி நாலு. ஏழாவது தீர்மானம் என் கையெழுத்தில் இருக்கிறது. அதை நானே மீறினால் சங்கம் என்ன ஆவது? அப்படித்தான் ஏதோ முனகினேன் என்று நினைக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் என் கை போனைப் பைக்குள் போட்டுவிட்டது.

பதினொன்று அடித்தது. அன்றைய படமும் போயிற்று.

அன்புக்கரசி அழவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை. தன் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு நேராக ஸ்பீக்கரிடம் போய் மைக்கை எடுத்தாள். பேர் பேராகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட ஒவ்வொருத்தியும் மண்வெட்டியை ஊன்றி நின்று, “இருக்குறேன்” என்றாள். மைக்செட் விதி நான்காம் பிரிவின்படி சத்தம் ஊர் எல்லை வரைக்கும் எட்டியது. ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போனது. முப்பத்திரண்டாவதாக மீனம்பாள் பேர் சொல்லி முடிந்தது.

முடியவில்லை. அன்புக்கரசி நோட்டை மூடிவிட்டு, புளியமரத்துப் பேனர் பக்கம் திரும்பினாள்.

“தோமினிக்” என்று படித்தாள்.

தலைவர் பத்தடி தூரத்தில் நின்றார். அவருக்குப் பதிலாக மீனம்பாள் நிதானமாகச் சொன்னாள்.

“ஆளு இல்ல.”

“சுந்தரமூர்த்தி.”

“ஆளு இல்ல.”

இப்படியே பதினோரு பேரும். கடைசிப் பேர் என்னுடையது. அங்கேதான் நின்றேன். கையில் நடவடிக்கைப் புத்தகம்கூட இருந்தது. ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வாயெடுத்துப் பார்த்தேன், வரவில்லை.

வீட்டுக்குப் போய் அன்றைய குறிப்பை எழுதினேன். ஒன்பது கூட்டங்களைப் பற்றி எழுதிய அந்தப் புத்தகத்தில் முதல் தடவையாக ஓர் உண்மையை எழுதினேன்: ‘உறுப்பினர்கள் ஒருவரும் வரவில்லை.’